சீதனத்தோடு வந்த பேய்

மட்டக்களப்புப் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்குப் போகிறவர். வீடு பெண்ணுடையது. அதனால் சம்பந்தம் பேச வருகிறவர்கள் பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே கூரையையும் கிணற்றையும் நிலைக்கதவையும் பார்த்துவிடுவார்கள்.

என் மச்சாள் இரண்டாவது மகள். மூத்தவளுக்கு வாவிக்கரை வீடு எழுதியாயிற்று. மிஞ்சியது கரடியனாற்றுக்கு உள்ளே, வயல் வட்டைகளையெல்லாம் தாண்டி, காடு தொடங்கும் இடத்தில் இருக்கும் குவாரி விடுதி. வெள்ளைக்காரர் காலத்தில் அங்கே பாறையை வெடிவைத்து உடைத்துக் கருங்கல் எடுத்தார்கள். வேலையை நடத்திய துரைமார் தங்குவதற்கு அதே கல்லால் ஒரு விடுதி கட்டினார்கள். நிலம் மச்சாளின் தாய்வழி நிலம். குவாரி மூடியபோது கட்டடம் நிலத்தோடு வந்து சேர்ந்தது. பிறகு வந்த யுத்த காலத்தில் யார் யாரோ அதில் இருந்துவிட்டுப் போனார்கள். அதைப் பற்றி மாமா கதைப்பதில்லை. மாமா, அதாவது மச்சாளின் தகப்பன், தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் இருந்ததையெல்லாம் போட்டுக் கூரைக்குப் புதுத் தகரம் அடித்தார், சுவருக்கு வெள்ளை பூசினார், மின்சாரம் இழுத்தார். இன்னொரு வீடு கட்ட அவரால் முடியாது. மச்சாளுக்குக் கல்யாணம் என்றால் அது இந்த வீட்டோடுதான்.

மாப்பிள்ளை பெரியகல்லாற்றுக்காரர், கணித ஆசிரியர். மச்சாளும் அவரும் ஒரே பயிற்சிக் கல்லூரியில் படித்தவர்கள். சம்பந்தம் பேசியது பெரியவர்கள் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். நாங்களும் முகத்தை நேராக வைத்துக்கொண்டு ஓம் என்றோம்.

நாள் குறிக்கப்போகும் நேரத்தில் பேய் வந்தது.

கரடியனாற்றில் அது சின்னப் பேயாகத்தான் இருந்தது. இரவில் துரை ஒருவர் சப்பாத்தோடு கூரையில் நடப்பார், அவ்வளவு. நகரத்துக்கு வருவதற்குள் அவர் கையில் ஒரு சுத்தியல் வந்துவிட்டது, கல் உடைக்கும் சத்தம் கேட்குமாம். தேற்றாத்தீவைத் தாண்டும்போது வெடியில் செத்த கூலியாட்கள் வரிசையாகச் சேர்ந்துகொண்டார்கள். பெரியகல்லாற்று மீன் சந்தையில் மாப்பிள்ளையின் தாயின் காதில் விழுந்தபோது அது ஒரு முழு ஊர்வலம்.

அவர் மாமாவுக்குப் போன் எடுத்தார். பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது.

"அண்ணன், எனக்கு இரிக்கிறது ஒரே ஒரு ஆம்பிளப் புள்ள. காட்டுக்க, பேய்க்குப் பக்கத்தில பாய் போட்டுப் படுக்க அவன அனுப்ப ஏலாது. வேற வீடு பாத்தா சொல்லுங்க."

மாமா போனை வைத்தார். வேற வீடு என்று சொல்வது லேசு. மச்சாள் குசினிக்குள் போய், ஏற்கெனவே கழுவிய பானையைத் திரும்பக் கழுவினாள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. அதோடு, உண்மையைச் சொன்னால், எனக்குள் ஒரு துள்ளலும் இருந்தது. பௌதிகத்தில் பட்டம் எடுத்துவிட்டு வேலைக் கடிதம் வரும் வரும் என்று வீட்டில் இருந்த காலம் அது. பகலில் விண்ணப்பம் நிரப்புவேன். மற்ற நேரமெல்லாம் வெளிநாட்டுக்காரர் பழைய கோட்டைகளிலும் சுரங்க விடுதிகளிலும் இரவு தங்கிப் பேய் தேடும் வீடியோக்களைப் பார்ப்பேன். கருவிகளைத் தூக்கிக்கொண்டு நடுங்கி நடுங்கி நடப்பார்கள். ஒருவருக்கும் ஒன்றும் கிடைக்காது. ஆனாலும் விடியும்வரை பார்ப்பேன்.

"மாமா, ஒரு ராவு அங்க தங்கி முறையா ஆராய்வம். றெக்கோட் பண்ணுவம். ஒண்டும் இல்லையெண்டு காட்டினா முடிஞ்சுது."

"ஆருக்குக் காட்டுறது?"

"பெரியகல்லாற்று மாமிக்குத்தான்."

மாமா தயங்கித் தயங்கிப் போன் எடுத்துச் சொன்னார். அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

"இந்தக் காலத்துப் புள்ளைகள் றெக்கோட் எண்டு எதையும் செய்யும். நானே வந்து பாக்கிறன். மகனும் வருவான். இரிக்கப் போறவன் அவன்தானே."

எங்கள் ஊரில் பெண் பார்க்க வருவார்கள், வீடு பார்க்க வருவார்கள். பேய் பார்க்க வந்த முதல் சம்பந்தி இவராகத்தான் இருக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் மாமா, மச்சாள், நான் மூவரும் ஓட்டோவில் போய் இறங்கினோம். மச்சாளின் தாய் மூத்த மகளின் பிள்ளைப்பேற்றுக்காக நகரத்தில் நின்றுவிட்டார். சமைக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை, சோற்றுப் பார்சல்கள் கட்டிக்கொண்டு வந்திருந்தோம். அந்தப் பக்கத்தில் வீட்டுக்குள் நெல்லோ அரிசியோ வைத்தால் யானை மணம் பிடித்துவிடும் என்று மாமா சொல்லியிருந்தார்.

விடுதி எனக்குப் பிடித்துப்போனது. முழங்கை நீளத் தடிப்பில் கற்சுவர். முன்னால் நீண்ட விறாந்தை. பின்னால் குசினி, அதன் யன்னலுக்குக் கண்ணாடி இல்லை, இரண்டு மரச்சட்டம் மட்டும். நடுவில் பெரிய மண்டபம். அதற்குள்ளே ஒரு அறை, அந்தக் காலத்தில் வெடிமருந்து பூட்டி வைத்ததாம், யன்னலே கிடையாது. வீட்டு வளவின் ஓரத்தில் கல் தோண்டி எடுத்த பள்ளமான கிடங்கு, இப்போது ஆழமான குளம், அல்லி பூத்துக் கிடந்தது. மச்சாள் போனதும் போகாததுமாக விறாந்தையில் நின்று எந்த மூலையில் எந்தக் கதிரை என்று கையால் காற்றில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையைக் கீழே போட்டாள்.

"எத்தன கதிரை வந்திட்டு?" என்று கேட்டேன்.

"போகா. உன்ட வேலையப் பார்."

என் வேலை ஏராளம். தொலைபேசியில் காந்தப்புலம் அளக்கும் செயலி. மண்டபத்திலும் குசினியிலும் குரல் பதிய இரண்டு பழைய போன்கள். தெரிந்த ஆய்வுகூட உதவியாளர் ஒருவரிடம் கெஞ்சி வாங்கிய வெப்பமானி. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பெரிய பை அரிசிமா. வீடியோக்களில் தரையில் மாத்தூள் தூவி வைப்பார்கள், யார் நடந்தாலும் கால்தடம் விழும். அவர்களுடையது கோதுமை மா. எனக்கு எங்கள் வீட்டு ஆலைமா கிடைத்தது, இன்னும் மெல்லியது. விறாந்தை முழுக்கக் கோலத்துக்குத் தூவுவது போலத் தூவிக்கொண்டு வந்தேன். மிச்ச மாவைப் பையோடு குசினி யன்னல்கட்டில் வைத்தேன். மாமா அருகில் நின்று பார்த்தார். அவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அரிசி என்பது சாப்பாடு, இது கருவி.

பொழுது சாயும் நேரத்தில் பெரியகல்லாற்று மாமி மகனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஒருபக்கமாக இருந்துகொண்டு வந்து சேர்ந்தார். சுருட்டிய பாய் தோளில். மடியில் கனமான ஒரு சீலைப்பை. இறங்கியதும் விறாந்தையைப் பார்த்தார்.

"என்ன இது, மாக்கோலமா?"

"கால்தடம் பாக்க, மாமி. ஆராவது நடந்தா தெரியும்."

"பேய்க்குக் கால் இல்லையெண்டுதானே சொல்லுவாங்க."

மாப்பிள்ளை குனிந்து மாவைத் தொட்டுப் பார்த்தார். "இது துரை அம்மா. சப்பாத்து இரிக்கும்."

மாமி சிரிக்கவில்லை. "கூடத் தூவு புள்ள. மெல்லிசாக் கிடக்கு," என்றார் என்னிடம். மடியிலிருந்த பையை அவிழ்த்தார். உள்ளே கல்லுப்பு. கடலோரத்தில் பேய்க்குப் பயந்தவர்கள் வாசலில் உப்புப் போடுவார்கள். அவர் வாசற்படி, யன்னல்கட்டு ஒன்று விடாமல் ஒரு பிடி வைத்தார். குசினி யன்னலில் மாப்பைக்குப் பக்கத்தில் இரண்டு பிடி. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை, வீடியோக்காரர்களும் உப்புப் போடுவார்கள்.

இருட்டியது. மண்டபத்தில் பாய்களை விரித்தோம். ஒரு மூலையில் மாமாவும் மாப்பிள்ளையும், மற்ற மூலையில் நாங்கள் மூன்று பெண்கள், நடுவில் மாமி எல்லை போலப் படுத்தார். விளக்கை அணைத்ததும் கூரையில் சத்தம் தொடங்கியது. டக். கொஞ்சம் விட்டு, டக் டக். ஒரு முனையிலிருந்து மற்ற முனைக்கு யாரோ நடப்பது போல.

மாமி எழுந்து உட்கார்ந்தார். "அந்தா."

நான் இதற்காகவே பிறந்தவள் போல எழுந்தேன். "மாமி, பகல் முழுக்க வெயில்ல கிடந்த தகரம். இப்ப குளிருது. குளிர்ந்தா சுருங்கும், சுருங்கேக்க ஆணிக்க இழுபட்டுச் சத்தம் போடும்." வெப்பமானியை டோச் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். பின்னேரம் இருந்ததைவிட நன்றாக இறங்கியிருந்தது.

"அப்ப பழைய தகரத்துக்கும் இதான் சத்தமா?"

"ஓம். முந்தி இன்னும் கூடவா இரிந்திரிக்கும்."

மாமி கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் சத்தம் ஓய்ந்தது. பேய் ஓய்வெடுத்தால் ஏன் என்று கேட்கலாம். தகரம் ஆறி முடிந்தால் ஓய்வது நியாயம்தானே. அவர் தலையை மெதுவாக ஆட்டியதைக் கண்டேன். மச்சாளும் கண்டாள். என் கையைக் கிள்ளினாள்.

அடுத்தது கல் உடைக்கும் சத்தம். அது வெளியே கிடங்குப் பக்கமிருந்து வந்தது. சிறு கல்லில் சிறு கல்லைத் தட்டுவது போல, டிக் டிக் டிக், விடாமல், ஒரே வேகத்தில். இதற்கு என்னிடம் கணக்கு இல்லை. காந்தப்புலச் செயலியைத் தூக்கினேன், அது ஒன்றும் சொல்லவில்லை. மாமி, "இதுக்கு என்ன குளிருது?" என்று கேட்டார். மாமாவின் குறட்டை மட்டும் பதில் சொன்னது.

மாப்பிள்ளைதான் எழுந்து டோச்சோடு கதவைத் திறந்தார்.

"மனே, போகாத."

"அம்மா, நான் இரிக்கப் போற வீடு. சத்தத்தப் பாக்காம எப்படி?"

மாக்கோலத்தைத் தாண்டி ஒரே எட்டில் படியிறங்கினார். நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம். டோச் வெளிச்சம் வளவில் அங்குமிங்கும் ஓடி, ஒரு இடத்தில் நின்றது. தரையில் இரண்டு சிவப்புப் பொட்டு. அவர் கிட்டப் போனதும் பொட்டுகள் எழும்பிச் சிறகடித்துப் பறந்தன, சத்தமும் அத்தோடு நின்றது. திரும்பி வந்தவரின் முகத்தில் பரீட்சையில் சித்தியடைந்த சிரிப்பு.

"பக்கிக் குருவி. ராவில தரையில குந்திக்கொண்டு இப்பிடித்தான் கத்தும். சுத்தியலும் இல்ல, துரையும் இல்ல."

"குருவிக்கா நான் பெரியகல்லாத்தில இருந்து வந்தன்?" என்றார் மாமி. ஆனால் குரலில் இறுக்கம் குறைந்திருந்தது. பாயில் சாய்ந்துகொண்டு மச்சாளிடம் முதல் தடவையாக நேரே கதைத்தார். கிணற்றில் கோடையில் தண்ணி இருக்குமா, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், பாம்பு வருமா. மச்சாள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். நான் இருட்டுக்குள் கிடந்து, வேலை முடிந்தது என்று எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்படியே கண் அயர்ந்துவிட்டேன். எழுப்பியது ஒரு மூச்சு. நீளமான, ஈரமான மூச்சு, உள்ளே இழுபட்டுத் திரும்ப வெளியே ஊதும் மூச்சு. குசினிப் பக்கம். மாமியின் பாய் வெறுமையாக இருந்தது. தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். நானும் மச்சாளும் ஓடினோம்.

மாமி குசினியின் நடுவில் அசையாமல் நின்றார். என் கையிலிருந்த போன் வெளிச்சம் யன்னலில் விழுந்தது. சட்டங்களுக்கு நடுவால் நீண்டு வளைந்த ஒன்று உள்ளே வந்திருந்தது. வெள்ளை வெளேரென்று இருந்தது. கையும் இல்லை, பாம்பும் இல்லை. நுனியில் ஒரு வாய், அது திறந்து திறந்து மூடியது. காற்றில் எங்களைத் தேடுவது போல இப்படியும் அப்படியும் ஆடியது. எனக்குத் தெரிந்த பௌதிகம் முழுவதும் அந்த இடத்தில் என்னை விட்டுப் போய்விட்டது.

மாமி கத்தவில்லை. "அம்மாளே, அம்மாளே," என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு மடியில் கட்டியிருந்த சீலைப்பைக்குள் கைவிட்டு, ஒரு பிடி உப்பை அள்ளி அதன்மேல் எறிந்தார்.

அது பின்வாங்கவில்லை. தரையில் விழுந்த உப்பைத் தடவித் தடவிப் பொறுக்கியது, சுருண்டு வெளியே போனது, திரும்ப வந்து மாமியின் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது. மாமி இன்னொரு பிடி எறிந்தார். அதையும் பொறுக்கியது.

"உப்புப் போட்டா போகுமெண்டாங்க," என்றார் மாமி. "இது இன்னும் கேட்குது புள்ள."

பின்னால் வந்த மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். வெளியே யன்னலை அடைத்துக்கொண்டு நின்ற இருட்டு காதை ஆட்டியது.

"அம்மா, எறியாதீங்க. அது யானை. உப்புத் தின்னுது."

"வெள்ளயா இரிக்கே."

"விறாந்தை மாவு எல்லாம் தும்பிக்கையில இரிக்கு."

மாமாவும் எழுந்து வந்துவிட்டார். "லைட்ட நூருங்க, வெளிச்சம் வேணாம். கத்தாதீங்க. மெதுவா உள் அறைக்குப் போங்க," என்றார். அந்த அறையின் கற்சுவர்தான் அந்த நேரத்தில் வேண்டியது. நாங்கள் ஐந்து பேரும் பழைய வெடிமருந்து அறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். குசினியில் மரச்சட்டம் முறிந்தது. மாப்பை கிழிந்தது. பிறகு மிகவும் திருப்தியான ஒரு ஊதல்.

"எல்லாத்தையும் தின்னுதே," என்று முணுமுணுத்தேன்.

"அரிசி கொண்டு வராதீங்க எண்டு சொன்னன்," என்றார் மாமா.

"மாவு தூவேக்க நீங்களும்தானே நிண்டீங்க."

"நிண்டனான். மாவும் அரிசியெண்டு யோசிக்கல்ல."

"கூடத் தூவு எண்டது ஆரு?" இது மாப்பிள்ளை.

"வாயப் பொத்து மனே," என்றார் மாமி. "யானைக்கு விருந்து வைக்க மாவும் உப்பும் கட்டிக்கொண்டு வந்த ஆக்கள் நாங்க."

மச்சாள்தான் முதலில் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. அது எனக்குத் தொற்றியது, பிறகு மாப்பிள்ளைக்கு. சத்தம் போடவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் இருட்டுக்குள் ஐந்து பேரும் குலுங்கினோம். அறைக்குள் நுழைந்ததிலிருந்து மாமி ஒரு கையை இறுக்கிப் பிடித்திருந்தார். மகனுடைய கை என்று அவர் நினைத்திருக்கலாம். அது மச்சாளின் கை. விடிந்து யானை போனது நிச்சயமாகி, மாமா கதவைத் திறந்து வெளிச்சம் வந்த பிறகுதான் அவர் அதைக் குனிந்து பார்த்தார். அப்போதும் உடனே விடவில்லை.

பகலில் பார்த்தால் குசினி யன்னல் இல்லை, யன்னல் இருந்த ஓட்டைதான் இருந்தது. விறாந்தையில் மா நக்கித் துடைத்தது போலக் கிடந்தது, ஒரு ஓரத்தில் மட்டும் தடம், சுளகு அளவு வட்டம். என் ஆராய்ச்சிக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. படம் எடுத்தேன். எடுத்த பிறகுதான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன்.

அவர் படியில் உட்கார்ந்திருந்தார். பேயைப் பொய்யாக்க வந்தோம். பொய்யாக்கியும் விட்டோம். அந்த இடத்தில் நான்கு கால் உள்ள உண்மை ஒன்று வந்து நின்றது. பேய் என்றே விட்டிருந்தால் ஒரு பூசாரியாவது கூப்பிட்டிருக்கலாம் என்ற மாதிரி இருந்தது அவர் இருப்பு. மச்சாள் விளக்குமாற்றை எடுத்து உப்பை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவளை ஏறிட்டுப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

மாமி முகம் கழுவி, வளவுக்குள் இறங்கி, அது வந்த வழியைப் பார்த்துவிட்டு வந்தார். இடுப்பில் கை.

"அண்ணன், இஞ்ச பாருங்க."

மாமா எழுந்து நின்றார்.

"பேயெண்டா நான் இப்பவே மகன ஏத்திக்கொண்டு போயிரிப்பன். பேய்க்கு வேலி போடேலாது. இதுக்குப் போடலாம். அங்கால வட்டைக்காரர் மின்சார வேலி போட்டிரிக்காங்க, காலையில பாத்தன். அது மாதிரி ஒண்டு சுத்திவரப் போட்டாப் போதும். நாளப் பாக்கலாம்."

மாமாவின் முகத்தில் இரண்டும் வந்தன. நாள் என்ற சொல்லுக்குச் சந்தோஷம், வேலி என்ற சொல்லுக்குப் பயம். தகரத்தோடு அவர் கை வெறுமையாகிவிட்டது என்று எங்களுக்குத் தெரியும், மாமிக்குத் தெரியாது.

மாப்பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. மச்சாள் சொல்லியிருப்பாள்.

"வேலிய நான் போடுறன்," என்றார்.

மாமி திரும்பிப் பார்த்தார். "நீயா? பொண்ணுட வளவுக்கு மாப்பிள வேலி அடைக்கிறதா? ஊரில ஆராவது கேட்டா என்ன சொல்லுவாங்க? வீடில்லாத வீட்டில பொண்ணெடுத்தான் எண்டு சொல்லமாட்டாங்களா?"

"யானை ஊருக்க வந்து சொல்லாது, அம்மா."

"இவ சொல்லுவா," என்று மாமி என்னைக் காட்டினார். அது நியாயமான பயம்தான், இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேனே.

மாமா, "தங்கச்சி, அது முறையில்ல. கொஞ்சம் பொறுத்தா நானே ஏதாவது," என்று தொடங்கினார். எவ்வளவு பொறுக்க வேண்டும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. மச்சாள் கூட்டுவதை நிறுத்தினாள். அவள் பெரியவர்கள் முன்னால் வாய் திறக்கும் பெண் இல்லை. அன்றைக்குத் திறந்தாள்.

"அவர் போடட்டும் மாமி. வேலி வேற, வீடு வேற. வீடு என்ட. வேலியின்ட சுவிச்சும் வாசல் படலப் பூட்டின்ட திறப்பும் என்னட்டத்தான் இரிக்கும். அவர் பள்ளிக்கூடம் விட்டு வந்து, திற எண்டு என்னத்தான் கேட்கோணும்."

மாப்பிள்ளை நிலத்தைப் பார்த்தார். சிரிப்பை மறைக்க என்றுதான் நினைக்கிறேன். மாமி மச்சாளை மேலும் கீழும் பார்த்தார், ஒரு தாய் தன் மகனை யாரிடம் விட்டுப் போகிறாள் என்று கணக்குப் பார்க்கும் பார்வை. எங்கள் பக்கத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவது மகன்தான், பின்னால் நின்று அழுவது அவனைப் பெற்றவள்தான்.

"பூட்டத் தெரிஞ்ச பொண்ணுதான்," என்றார் கடைசியில். "சரி. ஆனா நான் சொல்லுற இடத்திலதான் கட்ட நடோணும்."

அவ்வளவுதான் சம்மதம். மாமா அவசர அவசரமாகத் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டப் போனார். யன்னல் இல்லாத குசினியில் புகை நன்றாக வெளியேறியது. மாமி செருப்பை மாட்டிக்கொண்டு வளவை அளக்கத் தொடங்கினார். நாங்கள் பின்னால் போனோம். இங்கே ஒரு கட்டை. கிணற்றடிக்கு அப்பால் ஒன்று. பக்கி இருந்த மேட்டில் ஒன்று. குவாரிக் கிடங்கின் கரைக்கு வந்ததும் நின்று, அல்லிக்குக் கீழே தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று ஒரு கல்லை எறிந்து பார்த்தார்.

"இதச் சுத்தியும் ஒரு வேலி வேணும். உயரமா."

"யானை நீந்தும் மாமி," என்றேன்.

"யானைக்கில்ல புள்ள. இவனுக்கு."

மச்சாள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கும் ஊரில் பிறந்து வளர்ந்த மனிதருக்கு நீந்தத் தெரியாது என்பதை இவ்வளவு காலமும் அவர் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.